பிள்ளைகளே எடுக்கும் வீடியோவில் ரிசர்ச் மெத்தடாலஜி: பார்மசி வகுப்பில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தக்கலைக்கும் மார்த்தாண்டத்துக்கும் நடுவில் ஒரு பார்மசி கல்லூரியில் ரிசர்ச் மெத்தடாலஜி, அதாவது ஆய்வு எப்படிச் செய்வது என்கிற பாடம், எடுக்கிறேன். சில வருஷமாகப் பிள்ளைகளை ஐந்து நிமிட வீடியோ எடுக்க வைத்துத்தான் அந்தப் பாடம் நடக்கிறது. புது பேட்ச் வந்தால் அதே கேள்விகள், பெற்றோர் கூட்டத்திலும் அதே கேள்விகள், நாகர்கோவில் பக்கம் வேறு கல்லூரிகளில் இருக்கும் நண்பர்கள் போன் போட்டாலும் அதேதான். ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டது, அதனால் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே போட்டிருக்கிறேன்.

சார், ரிசர்ச் மெத்தடாலஜிய வீடியோவா எடுக்கணும்னா நாங்க என்னதான் செய்யணும்?

நான்கு பேர் ஒரு குழு. குழுவுக்கு ஒரே ஒரு கருத்து: சாம்பிளிங், பயாஸ், ரேண்டமைசேஷன், பிளைண்டிங், பி-வேல்யூ, ஒப்புதல் படிவம், இப்படி ஏதாவது. அதைக் காதால்கூடக் கேட்டிராத உங்கள் ஜூனியருக்கு ஐந்து நிமிடத்தில் விளங்க வைக்க வேண்டும். மொத்தம் நான்கு வாரம். முதல் வாரம், என்ன சொல்லப்போகிறீர்கள் என்று ஒரு பக்கம் எழுதித் தர வேண்டும். இரண்டாவது வாரம் முழு ஸ்கிரிப்ட். மூன்றாவது வாரம் படப்பிடிப்பு. நான்காவது வாரம் வகுப்பில் போட்டுக் காட்டி, மற்றவர்கள் கேட்கிற கேள்விக்கு நின்று பதில் சொல்ல வேண்டும்.

முதல் இரண்டு வாரம் போனைக் கையில் எடுக்கவே விட மாட்டேன். ஸ்கிரிப்ட் குறைந்தது இரண்டு தடவை சிவப்பு மையோடு திரும்பி வரும், அதற்குக் கோபப்படக் கூடாது. உண்மையில் படிப்பு நடக்கிற இடம் அந்தச் சிவப்பு மைதான், வீடியோ அதற்கு ஒரு சாக்கு.

எந்த வருஷத்துப் பிள்ளைகளுக்கு இது?

பயோஸ்டாட்டிஸ்டிக்ஸும் ரிசர்ச் மெத்தடாலஜியும் சேர்ந்த பேப்பர் பி.பார்மில் 8ஆவது செமஸ்டரில் வருகிறது, பார்ம்.டி.யில் 4ஆம் வருஷம், எம்.பார்மில் 3ஆவது செமஸ்டர். பி.பார்மில் ஒரு சிக்கல் இருக்கிறது. புராஜெக்ட் வேலையும் அதே 8ஆவது செமஸ்டரில்தான். வள்ளத்தைக் கடலில் இறக்கி ஆளை ஏற்றிவிட்ட பிறகு நீச்சல் சொல்லிக்கொடுக்கிற கதை. அதனால் 6ஆவது செமஸ்டரிலேயே ஒரு சின்ன வீடியோவை அசைன்மென்ட் என்று சொல்லி வாங்கிவிடுகிறேன்.

யூடியூப்ல ஆயிரம் வீடியோ கிடக்கே சார், நல்லதா ஒண்ணப் போட்டுக் காட்டுனா போதாதா?

போட்டுக் காட்டியிருக்கிறேன். வகுப்பே தலையாட்டும். மறுநாள் "நல் ஹைப்பாதிசிஸ்னா (null hypothesis, வித்தியாசமே இல்லை என்று வைத்துக்கொண்டு தொடங்குவது) என்ன மக்களே" என்று கேட்டால் ஒரே அமைதி. நன்றாகச் செய்யப்பட்ட வீடியோவில் வருகிற வம்பே இதுதான், பார்க்கும்போது எல்லாம் விளங்கிவிட்ட மாதிரியே இருக்கும். தானே ஒருத்தருக்குச் சொல்ல வேண்டும் என்று உட்காரும்போதுதான் எங்கே ஓட்டை என்று தெரியும். ஒரு பெண் ரேண்டம் சாம்பிளிங் பற்றி மூன்று பக்கம் எழுதிக்கொண்டு வந்தாள், எல்லாம் புத்தகத்து வரிகள். "சரி, நம்ம ஹாஸ்டல்ல இருந்து 20 பேரை ரேண்டமா எடுன்னா முதல்ல உன் கையில என்ன இருக்கணும்?" என்று கேட்டேன். வெகுநேரம் யோசித்துவிட்டு, "எல்லாரோட பேரும் உள்ள லிஸ்ட் சார்" என்றாள். சாம்பிளிங் ஃபிரேம் என்ற சொல்லை அதற்கப்புறம் அவளுக்குச் சொல்லித்தரத் தேவை இருக்கவில்லை.

யூடியூப் பார்க்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. பாருங்கள். அதைப் பார்த்துவிட்டு அதில் வருகிற உதாரணத்தையே எடுத்துக்கொண்டு வந்தால் திருப்பி அனுப்புவேன், அவ்வளவுதான்.

ஏன் அஞ்சு நிமிஷம்? பத்து நிமிஷம் தந்தா நல்லா விளக்குவோமே?

எடெக்ஸ் என்ற இணையப் பாடத் தளத்தில் 69 லட்சம் தடவை வீடியோ பார்க்கப்பட்ட பதிவுகளை அலசி 2014இல் ஓர் ஆய்வு வந்தது. வீடியோ எவ்வளவு நீளமாக இருந்தாலும் ஆட்கள் பார்க்கிற நேரத்தின் மீடியன் (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் மதிப்பு) 6 நிமிடத்தைத் தாண்டவில்லை என்று அதில் கண்டார்கள். என் காரணம் அதைவிடச் சாதாரணமானது. பத்து நிமிடம் கொடுத்தால் முதல் நான்கு நிமிடம் கல்லூரி கேட், பெயர்ப் பலகை, ஸ்லோமோஷனில் நடந்து வருவது என்று போய்விடும். ஐந்து நிமிடம் என்றால் எதை வெட்டுவது என்று சண்டை போட வேண்டி வரும், எது முக்கியம் என்று தெரியாமல் அந்தச் சண்டையைப் போட முடியாது.

எங்களுக்கு நல்ல உதாரணமே கிடைக்க மாட்டேங்குது. புக்ல எல்லாம் வெளிநாட்டுக் கதையா இருக்கு.

வெளிநாட்டுக் கதையிலும் நல்லது உண்டு. 1747இல் ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் மருத்துவர் ஸ்கர்வி நோய் வந்த 12 மாலுமிகளை இரண்டிரண்டு பேராகப் பிரித்து, ஒரு ஜோடிக்கு மட்டும் ஆரஞ்சும் எலுமிச்சையும் கொடுத்துப் பார்த்தார். கப்பல் என்றால் குளச்சல் பிள்ளைகளுக்கு விளக்கவே வேண்டாம். நம்ம ஊர்க் கதையே வேண்டும் என்றால் 1956இல் மெட்ராஸில் தொடங்கிய காசநோய் ஆய்வை எடுங்கள். நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பிரிவினருக்குச் சானடோரியத்திலும் (காசநோய் ஆஸ்பத்திரி) இன்னொரு பிரிவினருக்கு வீட்டிலேயும் மருந்து கொடுத்தார்கள். வீட்டில் மருந்து எடுத்தவர்களும் கிட்டத்தட்ட அதே அளவுக்குக் குணமானார்கள் என்ற முடிவு 1959இல் வெளியானது. நல்ல சாப்பாடும் ஓய்வும் இல்லாமல் காசநோய் தீராது என்று உலகமே நம்பிக்கொண்டிருந்த காலம் அது.

ஆனாலும் கையால் தொட்டுக் காட்டுகிற உதாரணத்துக்கு ஈடில்லை. ஒரு குழு தோவாளையில் பிச்சிப்பூ வாங்கி வந்து, கூடையின் அடியில் முந்தினநாள் பூவையும் மேலே புதுப் பூவையும் அடுக்கி, மேலிருந்து ஒரு கைப்பிடி அள்ளி "எல்லாமே புதுசு" என்று சொல்லிவிட்டுக் கூடையைக் கவிழ்த்தார்கள். செலக்‌ஷன் பயாஸ் 40 வினாடியில் முடிந்தது. (அடுக்கியது அவர்களே. தோவாளை வியாபாரிகள் என்மேல் வருத்தப்பட வேண்டாம்.)

எனக்கு ரொம்பப் பிடித்தது டீ வீடியோ. புள்ளியியல் மேதை ஆர். ஏ. ஃபிஷர் 1935இல் எழுதிய ஒரு சோதனையை நம்ம சமையலறைக்குக் கொண்டுவந்தார்கள். ஹாஸ்டலில் சமைக்கிற அக்கா, பால்பொடி போட்ட டீயை ஒரு மிடறிலேயே கண்டுபிடித்துவிடுவேன் என்று அடித்துச் சொல்வார். 8 டம்ளர், 4 பாக்கெட் பால், 4 பால்பொடி, சீட்டுக் குலுக்கி வரிசை. முதல் தடவை சொதப்பல். பால்பொடி டீயில் கரையாத பொட்டு மிதந்தது, அக்கா குடிக்காமலே சொல்லிவிட்டார். எட்டையும் வடிகட்டி இரண்டாவது தடவை வைத்தார்கள், இப்போது தட்டைக் கொண்டுவந்த பையனுக்கு எது எது என்று தெரியும், பால்பொடி டம்ளரை அக்கா தொட்டாலே அவனுக்குச் சிரிப்பு. மூன்றாவது தடவை ஊற்றியவர்கள் ஓர் அறையிலும், ஒன்றும் தெரியாத ஒரு பெண் தட்டோடும். குடிக்கிறவருக்கு மட்டும் தெரியாதது சிங்கிள் பிளைண்ட், தட்டைக் கொண்டுவருகிறவருக்கும் தெரியாதது டபுள் பிளைண்ட்; இந்த வித்தியாசத்தை நான் போர்டில் எழுதி இவ்வளவு நன்றாக ஒருநாளும் சொன்னதில்லை. சொதப்பின இரண்டையும் வெட்டாமல் வீடியோவிலேயே வைக்கச் சொன்னேன்.

மூன்றாவது தடவை அக்கா நான்கு நான்காகப் பிரித்ததில் ஒவ்வொரு பக்கமும் மூன்று சரி, ஒன்று தப்பு. 8இல் 6 சரி என்றால் கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 8 டம்ளரிலிருந்து 4ஐத் தேர்ந்தெடுக்க 70 வழி உண்டு. நாலும் சரியாக வருவது ஒரே வழி, மூன்று சரியாக வருவது 16 வழி. ஆக, சும்மா கண்ணை மூடிக்கொண்டு பிரித்தாலும் இவ்வளவு நன்றாகவோ இதைவிட நன்றாகவோ வர 70இல் 17 வாய்ப்பு, அதாவது 0.24. பி-வேல்யூ என்பது இதுதான். அக்காவுக்கு இந்தக் கணக்கு பிடிக்கவில்லை.

கேமரா கெடயாது, எடிட்டிங்கும் தெரியாது. என்ன செய்ய?

போன் போதும். படம் சுமாராக இருந்தால் பொறுத்துக்கொள்ளலாம், குரல் கேட்கவில்லை என்றால் ஒன்றும் செய்ய முடியாது. ஆரல்வாய்மொழி பக்கம் வெளியில் எடுத்தால் காற்று மட்டும்தான் பதிவாகும், காற்றாலை வைத்த ஊரில் வேறென்ன எதிர்பார்ப்பது. நமக்கு மழையும் ஜூனில் ஒன்று, ஐப்பசியில் ஒன்று என இரண்டு பருவம், தகரக் கூரைக்கு அடியில் எடுத்துவிட்டு வந்து "சார், டயலாக்க டப் பண்ணவா" என்று கேட்காதீர்கள். ஜன்னல் துணி உள்ள அறை, மின்விசிறி நிறுத்தம், போன் ஏரோபிளேன் மோடில், பேசுகிறவர் பக்கத்தில் இன்னொரு போனைக் குரலுக்கு மட்டும் வைத்தால் போதும். எடிட்டிங் என்பது இங்கே முன்னாலும் பின்னாலும் வெட்டி ஒட்டுவது, இலவச ஆப்பிலேயே அரை நாளில் வந்துவிடும்.

வீட்ல முகம் காட்ட விட மாட்டாங்க சார்.

காட்ட வேண்டாம். கை, பேப்பர், பொருள், குரல் இருந்தால் போதும். பூக்கூடை வீடியோவில் ஒரு முகம்கூட இல்லை. முகம் காட்டாததற்கு மார்க் குறையாது, வற்புறுத்தவும் மாட்டேன். பெற்றோர்கள் இதைப் படித்தால்: வீடியோ கல்லூரிக்கு வெளியே போகாது, ஏன் என்று கீழே எழுதியிருக்கிறேன்.

தமிழ்லயா இங்கிலீஷ்லயா? பரீட்சை இங்கிலீஷ்லதானே எழுதணும்?

பேச்சு வீட்டு மொழியில், கலைச்சொல் பரீட்சையில் வருகிற மாதிரியே, அடியில் ஆங்கில சப்டைட்டில். சப்டைட்டில் எழுதும்போதே பரீட்சைக்கான வேலையும் பாதி முடிந்துவிடுகிறது. எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வருகிற பிள்ளைகள் மலையாளத்தில் எடுக்கலாம், இங்கே விளங்காதவர் யார்? ஆங்கிலத்தில் மட்டும் எடுத்த குழுக்களைப் பார்த்திருக்கிறேன், மனப்பாடம் செய்து ஒப்பிக்கிறார்கள், எங்கே விளங்கவில்லை என்பதை ஆங்கிலம் அழகாக மூடிவிடுகிறது. "கன்ஃபவுண்டிங்கை உன் அம்மாகிட்ட எப்படிச் சொல்லுவ?" என்று கேட்டதற்கு ஒரு பையன், "குடை வித்தா காய்ச்சல் கூடுதும்மா, ரெண்டுக்கும் காரணம் மழைதான்னு சொல்லுவேன் சார்" என்றான். கொள்ளாம், இதற்கு மேல் என்ன வேண்டும்.

மார்க் எப்படிப் போடுவீங்க? எல்லாத்தையும் சேத்து மூணு மார்க்குக்குத்தானா இந்தப் பாடு?

கேள்வி நியாயமானது. பிசிஐயின் (இந்திய பார்மசி கவுன்சில்) 2014 விதிமுறைப்படி பி.பார்ம் தியரிக்கு இன்டர்னல் 25, அதில் தொடர் மதிப்பீட்டுக்கு 10, அந்தப் பத்தில் அசைன்மென்ட், செமினார் மாதிரி வேலைகளுக்கு 3. அந்த மூன்றில்தான் இது வருகிறது. அதற்கு ஈடாக இந்தப் பேப்பரில் வேறு அசைன்மென்ட் எதுவும் தர மாட்டேன், ரெக்கார்ட் மாதிரி பக்கம் பக்கமாகப் பார்த்து எழுதுகிற வேலை கிடையாது.

நான் போடுவது 20க்கு, பிறகு சுருக்கிக்கொள்வேன். ஸ்கிரிப்டில் கருத்து சரியாக இருப்பதற்கு 10. வகுப்புக் கேள்விகளுக்குப் பதில் 6, இது தனித்தனி ஆளுக்கு. காதில் விழுகிறதா, கண்ணில் தெரிகிறதா என்பதற்கு 3. அழகுக்கு 1. டிரோன் ஷாட் எடுத்துக்கொண்டு வந்தாலும் அந்த ஒன்றுதான்.

குரூப்ல ஒருத்தன்தான் எல்லாம் செய்யுதான், மத்தவங்க சும்மா பேரு போடுதாங்க. இதுக்கு என்ன வழி?

மேலே சொன்ன அந்த 6 மார்க்குதான் வழி. யாரிடம் எதைக் கேட்பேன் என்று முன்கூட்டித் தெரியாது. எடிட் செய்தவனிடம் கருத்தையும், ஸ்கிரிப்ட் எழுதியவளிடம் உதாரணத்தின் குறையையும் கேட்பேன். நான்கு பேருக்கு மேல் குழு வைக்காததும் இதனால்தான், ஐந்தாவது ஆள் எப்போதும் குடை பிடிப்பதற்கே வருகிறார்.

வீடியோல தப்பா ஏதாவது சொல்லிட்டா? அதையே மத்தவங்களும் படிச்சிடுவாங்களே?

இது நடந்திருக்கிறது, தப்பு என் பக்கமும்தான். ஒரு குழு "பி-வேல்யூ 0.03 என்றால் மருந்து வேலை செய்ய 97 சதவீத வாய்ப்பு" என்று சொல்லியிருந்தது. ஸ்கிரிப்டில் நான் அதைக் கவனிக்காமல் விட்டுவிட்டேன், வகுப்பில் ஓடும்போது ஒரு பெண் கையைத் தூக்கினாள். டீ கணக்கை நினைத்துப் பாருங்கள்: அந்த 0.24 என்பது "அக்கா ஊகித்துத்தான் சொல்கிறார்" என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு. அதேபோல 0.03 என்பது மருந்துக்கு எந்தப் பலனும் இல்லை என்று வைத்துக்கொண்டால் இவ்வளவு பெரிய வித்தியாசமோ இதைவிடப் பெரியதோ தற்செயலாக வருகிற வாய்ப்பு. மருந்து வேலை செய்கிற வாய்ப்பை அது சொல்லவே இல்லை.

அந்த வீடியோவை அழிக்கவில்லை. அந்தப் பிள்ளைகளிடம் அனுமதி கேட்டு வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பேட்சுக்கும் "இதில் ஒரு தப்பு இருக்கு, கண்டுபிடி" என்று போடுகிறேன். மற்றபடி திருத்தாத வீடியோ வகுப்பைத் தாண்டிப் போகாது.

ஆஸ்பத்திரியில நிஜ நோயாளிய எடுத்தா இன்னும் நல்லா இருக்குமே சார்?

கூடாது. பார்ம்.டி. பிள்ளைகள் வார்டுக்குப் போகிறவர்கள் என்பதால் இதைக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். முகம் மட்டுமில்லை, கேஸ் ஷீட், கட்டிலில் தொங்குகிற அட்டை, மருந்துச் சீட்டு எதுவும் படத்தில் வரக் கூடாது. வெள்ளைக் கோட்டோடு வந்து "எடுக்கலாமா பாட்டி" என்று கேட்டால் அந்தப் பாட்டி எப்படி மாட்டேன் என்பார்? நடித்துக் காட்டுங்கள். ஒப்புதல் வாங்குகிற வீடியோவுக்கு ஒரு பையன் தன் பாட்டியின் சேலையைக் கட்டிக்கொண்டு வந்தான், கைநாட்டு வைப்பதற்கு முன் "எனக்கு வேண்டாம்னா மருந்து நிறுத்திருவியளா?" என்று கேட்டான் பாருங்கள், அது எழுதின ஸ்கிரிப்டில் இல்லாத வரி. எழுதப் படிக்கத் தெரியாதவரிடம் ஒப்புதல் வாங்கும்போது ஆய்வோடு தொடர்பில்லாத சாட்சி ஒருவர் இருக்க வேண்டும் என்று ஐசிஎம்ஆரின் (இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில்) 2017 நெறிமுறைகள் சொல்வதையும் அதில் காட்டினார்கள்.

வேடிக்கை என்னவென்றால் ஒப்புதல் வாங்குவதை வீடியோ எடுப்பது நம் நாட்டில் சட்டத்திலேயே இருக்கிறது. 2019ஆம் ஆண்டு புதிய மருந்து, மருத்துவப் பரிசோதனை விதிகளின்படி, புத்தம்புதிய வேதிப்பொருளைச் சோதிக்கும்போது எளிதில் பாதிக்கப்படக்கூடிய நிலையில் உள்ளவர்களிடம் வாங்கும் ஒப்புதலை ஒலியும் ஒளியுமாகப் பதிய வேண்டும், எச்.ஐ.வி., தொழுநோய் மருந்துகளுக்கு மட்டும் ஒலிப்பதிவு போதும். ஏன் அந்த இரண்டுக்கு மட்டும் முகம் வேண்டாம் என்றார்கள்? இதையே தனி வீடியோவாக எடுக்கலாம், இன்னும் யாரும் எடுக்கவில்லை.

யூடியூப்ல, ஸ்டேட்டஸ்ல போடலாமா?

வேண்டாம். பிளசீபோ (மருந்தே இல்லாத போலி மாத்திரை) வீடியோவுக்காக ஒரு குழு சர்க்கரை உருண்டைக்குக் கற்பனைப் பெயர் ஒன்று வைத்து, "மூட்டு வலி போயே போச்சு" என்று நடித்தது. அதில் 20 வினாடியை மட்டும் யாரோ வெட்டிக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார்கள். அந்தப் பெண்ணின் சித்தி போன் செய்து, "மக்கா, அந்த மாத்திர மார்த்தாண்டத்துல கிடைக்குமா?" என்று கேட்டிருக்கிறார். சிரித்தோம், அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. பார்மசி பிள்ளை சொன்னால் ஊர் நம்பும். அதனால் வீடியோ வகுப்பு டிரைவில் மட்டும். சினிமாப் பாட்டும் வேண்டாம், உரிமை யாருடையதோ.

ஸ்கிரிப்ட ஏஐ எழுதித் தந்தா தப்பா?

சந்தேகம் கேட்கலாம், எழுத்துப்பிழை பார்க்கலாம். முழுதாக எழுத வைத்தால் எனக்குத் தெரிகிறதோ இல்லையோ, வகுப்பின் மூன்றாவது "ஏன்"ல் உங்களுக்கே தெரிந்துவிடும். இன்னொரு ஆபத்து, இல்லாத ஆய்வுக் கட்டுரையைத் தலைப்போடும் வருஷத்தோடும் அது தந்துவிடும். ஆகவே விதி ஒன்று: வீடியோவில் ஏதாவது ஆய்வைச் சொன்னால் அதைப் பப்மெட்டில் (மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளைத் தேடும் தளம்) திறந்து எல்லாருக்கும் முன்னால் காட்ட வேண்டும்.

இப்படிச் சொல்லிக்கொடுத்தா பிள்ளைங்க கூடுதலா படிக்கிறாங்கன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? அதுக்கே ஒரு ஸ்டடி வேணுமே?

இதைக் கேட்டது சக ஆசிரியர் ஒருவர், சரியான இடத்தில் குத்தினார். முன்னால் ஒரு தேர்வு, பின்னால் ஒரு தேர்வு, மார்க் கூடிவிட்டது என்றால் ஒன்றும் நிரூபணமாகாது, நான்கு வாரம் எதைச் செய்தாலும் கொஞ்சம் கூடும். போன வருஷ பேட்சோடு ஒப்பிட்டால் பிள்ளைகள் வேறு, கேள்வித்தாள் வேறு. "பிடித்திருந்ததா?" என்று கேட்டு வாங்கின படிவம் பிடித்திருந்ததை மட்டுமே சொல்லும். வீடியோ எடுக்காத பிரிவு ஒன்று வைக்கலாம்தான், அந்தப் பிள்ளைகளுக்கு என்ன பதில் சொல்வது?

எனக்குத் தோன்றிய வழி இது. வகுப்பைக் குலுக்கி இரண்டாக்கி, பாதிப் பேருக்குச் சாம்பிளிங் வீடியோ, பாதிப் பேருக்குப் பி-வேல்யூ வீடியோ. மற்றதை எல்லாரும் சாதாரண வகுப்பில் கேட்பார்கள். ஒரு மாதம் கழித்து இரண்டிலும் எல்லாருக்கும் தேர்வு, திருத்துகிற ஆளுக்கு யார் எந்தப் பக்கம் என்று தெரியக் கூடாது. யாருக்கும் ஒன்றும் குறையாது, ஒப்பீடும் கிடைக்கும். எத்திக்ஸ் கமிட்டிக்கு எழுதத் தொடங்கியிருக்கிறேன், மார்க் போடுகிற ஆளே ஒப்புதல் கேட்டால் பாட்டி கதைதான் என்பதால் ஒப்புதலை வேறு ஒருவர் வாங்குவார். இதுவரை கண்ணால் பார்த்த வரையில், எடுத்த தலைப்பு நன்றாக நிற்கிறது, அடுத்த குழுவின் தலைப்பு அப்படி நிற்பதில்லை. அதனால்தான் நான்காவது வாரக் கேள்வி நேரத்தை இரட்டிப்பாக்கினேன்.

சார், அந்த டீ அக்கா மறுபடி குடிச்சாங்களா?

எல்லா பேட்சும் கேட்கிற கேள்வி. குடித்தார், அடுத்த வருஷம், அவரே கேட்டு. இந்தத் தடவை 12 டம்ளர், ஆறு ஆறு. 8 டம்ளரில் ஒரு ஜோடி மாறினாலே 0.24 ஆகிவிடுகிறது, அக்கா நிஜமாகவே கெட்டிக்காரியாக இருந்தாலும் ஒரு தப்பில் எல்லாம் போச்சு. 12இல் 6ஐ எடுக்க 924 வழி. ஒரு ஜோடி மாறினாலும் 37 வழிதான், 0.04, வழக்கமாக வைக்கிற 0.05 என்ற கோட்டுக்குக் கீழே. சாம்பிள் சைஸ் எதற்கு என்று கேட்கிறவர்களுக்கு இதைத்தான் காட்டுகிறேன்.

அக்காவுக்கு ஒரு ஜோடிதான் மாறியது. உடனே வகுப்பில் சண்டை: முதல் வருஷம் தோற்றதையும் சேர்த்துத்தானே பார்க்கணும், ஜெயிக்கிற வரைக்கும் குடித்துக்கொண்டே இருந்தால் யாரும் ஜெயிக்கலாமே என்று ஒரு கட்சி. அது வேறு டம்ளர் எண்ணிக்கை, முன்கூட்டியே எழுதி வைத்துச் செய்தது, தனிச் சோதனைதான் என்று இன்னொரு கட்சி. இரண்டு கட்சியும் ஆளுக்கொரு வீடியோ எடுத்திருக்கிறார்கள். அக்கா இரண்டையும் பார்த்தார், அடுத்த தடவை குடிக்க வேண்டும் என்றால் பழம்பஜ்ஜியும் வேண்டும் என்றார்.